பிரிக்காத கவர்

அண்ணன் போன பிறகு சலவைக் கடையை நடத்துவது அண்ணிதான். நான் இஸ்திரி மேஜையில் நின்று பதினெட்டு வருடமாகத் திட்டு வாங்குகிறவன். இந்தத் தெருவில் அண்ணி மூக்கை நுழைக்காத விஷயம் கிடையாது. பட்டன் சரியாகத் தைக்காத தையல்காரரை நடுரோட்டில் நிறுத்திக் கேட்பார். சட்டையில் மை கொட்டிக்கொண்டு வருகிற ஆபீஸ்காரரிடம், "எழுதறது பேப்பர்லயா சட்டையிலயா?" என்பார். வாய் ஓயவே ஓயாது.

ஆனால் பாக்கெட் விஷயத்தில் மட்டும் ஊமை. துணியை மெஷினில் போடுமுன் ஒவ்வொரு பாக்கெட்டையும் தன் கையாலேயே துழாவுவார். கிடைத்ததைக் காகிதக் கவரில் போட்டு, பசை தடவி ஒட்டி, துவைத்த துணியோடு ஊக்குக் குத்திக் கொடுத்துவிடுவார். சில்லறை, பஸ் டிக்கெட், ஒருமுறை யாருடைய பல்செட்டோ. எதைப் பற்றியும் யாரிடமும் மூச்சுவிட மாட்டார். "பாக்கெட்டுல இருக்கிறது பாக்கெட்டுக்காரங்களோடது தம்பி. நமக்குத் துணி மட்டும்தான்." கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

பேங்கில் வேலை பார்க்கிற ஒரு வாடிக்கையாளர், எங்களுக்கு பேங்க் அம்மா, புதன்கிழமை காலையில் துணி மூட்டையைப் போட்டுவிட்டு ஓடுவார், சனிக்கிழமை சாயங்காலம் வாங்கிக்கொண்டு ஓடுவார். அவர் நின்று நான் பார்த்ததில்லை. அவருக்கு ஒரே பெண், ஒன்பதாம் வகுப்பு. ஒரே வருடத்தில் மூன்று முறை பாவாடையின் மடிப்பைப் பிரித்து நீளமாக்கவேண்டி வந்ததால் அண்ணி அவளுக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர் வைத்திருந்தார்.

அந்த ஒட்டடைக்குச்சியின் பாக்கெட்டில் ஒருநாள் இருமல் மருந்து மூடி ஒன்று வந்தது. சரி, இருமல் என்று நினைத்தேன். அடுத்த வாரமும் வந்தது. பிறகு சிகரெட்டுக்குப் பதிலாக இழுத்துப் புகை விடுகிற மின்சாரக் குச்சி. அதற்கடுத்து தூக்க மாத்திரை அட்டை, காலியாக. அண்ணி அத்தனையையும் கர்மசிரத்தையாகக் கவரில் போட்டு ஒட்டினார்.

"அண்ணி, பதினாலு வயசுப் பொண்ணு! அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"சொன்னா அந்தப் பொண்ணு நம்மள நம்புமா? அடுத்தவங்க பாக்கெட்டைப் பத்திப் பேசினா கடை நடக்குமா?"

"கடையைத் தூக்கி உடைப்புல போடுங்க!"

"இஸ்திரி காயுது பாரு, போ."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அன்று ஒரு வெள்ளைச் சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். அதற்கும் திட்டு. ஆனால் நான் மட்டும் என்ன கிழித்தேன்? நானே பேங்க் அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சனிக்கிழமைதோறும் துணியை எடுத்து அவர் கையில் கொடுத்ததே நான்தான். எனக்கென்ன வந்தது என்று இருந்துவிட்டேன்.

எட்டாவது வாரம், பதினெட்டு வருடத்தில் முதல்முறையாக, அண்ணியின் கை தவறியது. அவளுடைய பள்ளிக் கோட்டின் உள்பாக்கெட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டார். வியாழக்கிழமை காலை மெஷினிலிருந்து எடுத்தபோது உள்ளே மடித்த காகிதம் ஒன்று சொதசொதவென்று இருந்தது. ஈரக் காகிதத்தை உடனே விரித்து லேசான சூட்டில் தேய்க்காவிட்டால் கூழாகிவிடும். விரித்தேன். பென்சில் எழுத்து, அழியவில்லை.

"படிக்காதே," என்றார் அண்ணி.

படித்தேன்.

'சைக்கிள் எதிர்வீட்டுக் குட்டிக்கு. கலர் பென்சில் பெட்டி என் பக்கத்து சீட்டுக்காரிக்கு. பூனைக்கு ரெண்டு வேளை சாப்பாடு, அம்மா மறந்துடுவாங்க, அப்பாகிட்ட சொல்லணும். அலமாரிச் சாவி ஜன்னல் மேல இருக்கு.'

காகிதத்தை அண்ணியின் முகத்துக்கு நேரே நீட்டினேன். படித்துவிட்டு அழுக்கு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

பேங்க் அம்மாவுக்குப் போன் போட்டார். "அம்மா, உங்க பொண்ணு கோட்டுல ஒரு பேப்பர்..."

"நான் கவுன்ட்டர்ல இருக்கேங்க, பெரிய வரிசை. பேப்பர்தானே? எப்பவும் போல கவர்ல போட்டு வெச்சிடுங்க." வைத்துவிட்டார். அப்புறம் நாலு முறை அடித்தும் எடுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு நான் போன் போட்டால், "வயித்துவலின்னு இன்னிக்கு லீவு" என்றார்கள்.

அண்ணி ஷட்டரை இழுத்துவிட்டார், பகல் பதினோரு மணிக்கு. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "சீக்கிரம் போயேன்டா" என்று முதுகில் குத்திக்கொண்டே வந்தார். சிக்னலில் நின்றதற்கும் குத்து.

பில் புத்தகத்தில் இருந்த விலாசம், நான்காவது மாடி. அண்ணி மணியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கதவு திறந்தது. கலைந்த தலையோடு, கையில் பூனையோடு ஒட்டடைக்குச்சி நின்றாள். அப்பாடா என்று நான் சுவரில் சாய்ந்தேன்.

"செத்துடலாம்னு இருக்கியா கண்ணு?" என்றார் அண்ணி.

"அண்ணி!" என்று கத்தினேன். யாராவது ஒரு குழந்தையிடம் இப்படிக் கேட்பார்களா? இல்லாத நினைப்பை நாமே தலையில் ஏற்றிவிடுவதா?

அந்தப் பெண் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணியையே பார்த்தாள். பிறகு "ஆமா" என்றாள். சொன்னதும் அங்கேயே உட்கார்ந்தாள். அண்ணியும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டு வயதில் தோழியின் அக்கா கொடுத்த மின்சாரக் குச்சியில் ஒரு இழுப்பு, அங்கே ஆரம்பித்ததாம். முதலில் விளையாட்டுக்கு. அப்புறம் அது இல்லாமல் தூக்கம் வரவில்லை, தூங்குவதற்கு வேறொன்று. "நிறுத்தணும்னு பாத்தேன், முடியல. வீட்டுல தெரிஞ்சா... அதுக்கு நான் இல்லாமப் போறதே மேல்னு தோணுச்சு."

"யார்கிட்டயாவது சொல்லக்கூடாதா கண்ணு?"

"சொன்னேனே." எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். எங்கள் கடைக் கவர்கள் ஏழு. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. "பாக்கெட்டுல வெச்சா யாராவது பாப்பீங்கன்னு வெச்சேன். அம்மா அப்படியே இங்க மாட்டிட்டுப் போயிடுவாங்க. நீங்க ஒவ்வொரு வாரமும் ஒட்டி ஒட்டி எனக்கே திருப்பி அனுப்பினீங்க."

அண்ணி ஏழு கவரையும் வாரிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த பேங்க் அம்மா, "பாக்கெட்டெல்லாம் கடையில பாத்துடுவாங்கன்னு நான் ஒருநாளும் பாக்கலையே" என்று அழுதார். அவரைத் திட்டத் தயாராக நின்ற நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரவைத்தேன். நேராகக் கேட்டது தப்பா என்று டாக்டரிடம் கேட்டேன். "கேக்கறதால யாருக்கும் அந்த நினைப்பு வராதுங்க. கேக்காம விடறதுதான் ஆபத்து. அவங்க கேட்டதுதான் சரி" என்றார். அதைப் போய் அண்ணியிடம் சொல்லித் தொலைத்தேன், அவர் அதைச் சொல்லிக் காட்டுவதை இன்றுவரை அனுபவிக்கிறேன். பசைப்புட்டியைக் குப்பையில் எறிந்துவிட்டார். இப்போது பள்ளிச் சட்டையில் என்ன வந்தாலும் வீட்டுக்குப் போன். இரண்டு நல்ல வாடிக்கையாளர்கள் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும்.

ஒட்டடைக்குச்சி வாராவாரம் டாக்டரிடம் போகிறாள். நடுவில் இரண்டு முறை சறுக்கினாள், அவளே வந்து சொன்னாள். துணி மூட்டையை இப்போதெல்லாம் அவள்தான் கொண்டுவருகிறாள். அண்ணி அவள் எதிரிலேயே ஒவ்வொரு பாக்கெட்டையும் வெளியே இழுத்துப் பார்த்துவிட்டு, "வேற?" என்பார். சில புதன்கிழமை "ஒண்ணுமில்ல அத்தை" என்று ஓடிவிடுவாள். சில புதன்கிழமை மூட்டை மேலேயே உட்கார்ந்துவிடுவாள். அப்போது அண்ணி கடைக்கு வந்தவர்களை வாசலிலேயே நிற்க வைத்துவிடுவார். அவர்கள் என்னிடம் கத்துவார்கள். நானும் பதிலுக்குக் கத்துவேன், "உள்ள ஒரு பொண்ணு பேசிட்டிருக்கு, நில்லுங்க!"