என் போனுக்கு மட்டும் ஏறாத சார்ஜர்

பழைய லேப்டாப் பேட்டரியை சோப்பு டப்பாவுக்குள் வைத்து, மெனக்கெட்டு நானே செய்த சார்ஜரை இன்று திருச்செந்தூர் பஸ்ஸில் சோதித்தேன். என் போன் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

பின் சீட்டு அக்கா, அணைந்துபோன பட்டன் போனை நீட்டினார்.

“இதுல ஏத்திப் பாப்பமா அண்ணாச்சி? புன்னக்காயல்ல எங்க வீட்டு ஆளு கடலுக்குப் போயிருக்காவ. விடியவே வந்திருக்கணும்.”

மாட்டினேன்.

“ஏறுதா?”

“பைய ஏறுது.”

ஆத்தூர் வருமுன் அந்தப் போன் அடித்தது. “கரை ஏறிட்டீயளா?” என்று கேட்டவர், பதில் வந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இறங்கும்போது, “நல்ல பெட்டி. ஒங்க போனுக்கும் ஏத்துங்க அண்ணாச்சி” என்றார்.

இதை வீட்டுச் சுவர் பிளக்கில் போனை மாட்டிவைத்துத்தான் எழுதுகிறேன். நான் செய்வது எதுவும் என் வீட்டில் எடுபடாது. போனும் வீட்டு ஆள்தானே.

உங்கள் வீட்டில் எப்படி?