முதல் கையெழுத்து

அந்த அம்மாவின் விரல் சம்பள நோட்டில் ஓரிடத்தில் நின்றது. லேபர் ஆபீசர் அவர். திண்டுக்கல்லில் எங்கள் தோல் பதனிடும் ஷாப்புக்குச் சோதனைக்கு வந்திருந்தார். நாங்கள் பதினோரு பேர் வரிசையாக நின்றோம். சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து அப்படியே ஏறி வந்ததால் என் முழங்கால்வரை வெள்ளை. காய்ந்து தோலை இழுத்தது. வரிசையின் கடைசியில் மேஸ்திரி பாய். தலையில் இருக்கும் தொப்பி அன்று அவர் கையில் இருந்தது.

அதற்கு எட்டு மாதம் முன்னால் அரசாங்கம் தோல் வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி உத்தரவு போட்டது. அந்தத் தாளை வேலை செய்கிறவர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும். கேட்டில் ஒட்டினார்கள். எங்களில் பாதிப் பேருக்கு வாசிக்க வராது. பாய்தான் சத்தமாக வாசித்துக் காட்டினார். நாங்கள் வாங்கியது அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே. தோல் காயப்போடும் அண்ணன் ஒருவர், "ஏன் பாய், கண்ணாடிய மாத்திப் போட்டுட்டு வந்துட்டீகளா?" என்றார். எல்லோரும் சிரித்தோம். பாய் சிரிக்கவில்லை.

மறுநாள் முதலாளி பாயைக் கூப்பிட்டனுப்பினார். திரும்பி வரும்போது அவர் கையில் புது நோட்டு. "இதுல கவருமெண்டு கூலிக்குக் கையெழுத்து. கையில பழைய கூலி. இல்லாட்டி ஷாப்பப் பூட்டிருவாகளாம். யோசிச்சுக்கங்கப்பா." யாரும் அசையவில்லை. அவரே முதலில் குனிந்து போட்டார். அவர் போட்டதால் நாங்களும் போட்டோம். அன்று அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. என் மகள் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். அந்தக் கூலி கைக்கு வந்திருந்தால் காலேஜில் சேர்த்திருப்பேன். நூல் மில்லுக்கு அனுப்பினேன்.

ஆபீசர் வரப்போகிறார் என்று முந்தின நாளே யாரோ சொல்லிவிட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று கேட்டால் சொல்ல வேண்டிய தொகையைப் பைசா மாறாமல் மனப்பாடம் செய்தோம். மறுநாள் ஆபீசர் கேட்டார். பாய்க்கு முன்னால் நின்ற பத்துப் பேரும் ஒரே மாதிரி ஒப்பித்தோம். அந்த அம்மா தலையை நிமிர்த்தவில்லை. அப்போதுதான் அவர் விரல் நின்றது. என்னைப் பார்த்து, "போன வெள்ளிக்கிழமை என்ன வேலை பாத்தீங்க?" என்றார்.

"வெள்ளிக்கிழமை ஏதும்மா வேலை? ஜும்மாவுக்கு ஷாப்பு லீவுல்ல" என்றேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. புது நோட்டை எழுதியது வெளியூர் ஆடிட்டரின் ஆள். அவருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு. எங்கள் ஷாப்பில் தொடக்கத்திலிருந்தே வியாழக்கிழமை சம்பளம், வெள்ளிக்கிழமை லீவு. நோட்டில் எல்லா வெள்ளிக்கிழமையும் எங்களுக்கு ஆஜர் போட்டிருந்தது. கூலியை மனப்பாடம் செய்தவர்கள் கிழமையை யோசிக்கவில்லை.

ஆபீசர் பக்கத்தில் நின்ற ஷாப்புக் கணக்குப்பிள்ளை முந்திக்கொண்டார். "இவன் நேத்து ஊத்துனது இன்னும் எறங்கலம்மா. ஒளறுறான். இன்னைக்கே வெளிய அனுப்பிருதோம்." நான் குடிப்பவன் இல்லை. பக்கத்தில் பெரிய மரப்பீப்பாய் தோல்களைப் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

பாய் வரிசையை விட்டு வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் ஆபீஸ் அறைக்குள் போனார். "பாய், வேணாம் பாய்" என்று கணக்குப்பிள்ளை பின்னாலேயே ஓடினார். பாய் திரும்பி வந்து பழைய நோட்டை மேசையில் வைத்தார்.

"நெசமான கூலி இதுலதாம்மா இருக்கு. மொதப் பேரு எம்பேருதான். அந்தப் பொய் நோட்டுலயும் மொதக் கையெழுத்து நான் போட்டதுதான். இந்தப் பய குடிக்க மாட்டான்."

எங்களுக்குப் புதுக் கூலி வந்தது. விட்டுப்போன மாதங்களின் பாக்கியும் சேர்ந்து வந்தது. ஷாப்பைப் பூட்டவில்லை. பாய்க்கு வேலை போனது. ஊரில் வேறெந்த ஷாப்பிலும் அவரை எடுக்கவில்லை. ஒரு பிரியாணிக் கடையில் வெங்காயம் உரிக்கிறார். போன மாதம் போய்ப் பார்த்தேன்.

"மக என்னப்பா செய்யுது?"

"மில்லுலேருந்து நின்னுட்டுக் காலேஜு போகுது பாய். இங்க கூலி சரியாத் தாராகளா?"

"ஓட்டல் வேலைக்கும் கவருமெண்டு ரேட்டு இருக்காம்ல" என்றார். உரித்த வெங்காயத்தைத் தண்ணீரில் போட்டார். "இங்க தாளு ஒட்டலப்பா."

இப்போது நான்தான் மேஸ்திரி. கூலியை மறுபடி உயர்த்தி உத்தரவு வந்திருக்கிறது. நேற்று முதலாளியின் மகன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் புது நோட்டு. இந்தத் தடவை வெள்ளிக்கிழமை லீவு என்று சரியாக எழுதியிருந்தார்கள். முதல் வரியில் என் பெயர்.

"நீங்க போட்டா எல்லாரும் போட்ருவாங்கண்ணே" என்று பேனாவைத் திறந்து கொடுத்தார். "இல்லாட்டி நடத்த முடியாது. நெலம உங்களுக்கே தெரியும்."

தெரியும். வெளியே இருக்கிற பத்துப் பேரின் வீடும் தெரியும். அன்று பாய் குனிந்து நின்றபோது அவருக்குள் என்ன ஓடியிருக்கும் என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

"எம்பேர அடிச்சிருங்க தம்பி" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேனா என் கையில்தான் இருந்தது. நானே அடித்தேன்.