ஹலினாவின் பூச்சட்டி

கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர் ஹலினா. போலந்துக்காரி. கோட்டுத் தொழிற்சாலையில் தைத்து ஓய்வுபெற்றவர். பூனையைக்கூட அதட்டத் தெரியாத முகம். ஆனால் ஜேர்மன்காரர் வார்சாவைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் பாண் கூடைக்குள் இரகசியச் செய்தி கடத்திய உளவாளி அவர். எங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வந்தாலும் வாசலைப் பார்த்தபடிதான் உட்காருவார். அந்தக் கதிரையைப் பறிகொடுத்தே என் கணவர் மரியதாசனுக்குப் பழகிவிட்டது.

இன்னொரு பழக்கம் பூச்சட்டி. அந்தக் காலத்தில் ஜன்னலில் பூச்சட்டி இருந்தால் மேலே வரலாம். இல்லாவிட்டால் உள்ளே ஆபத்து, நிற்காமல் நடந்துவிட வேண்டும். அப்படி நடந்துபோனதால் ஒருநாள் தான் தப்பியதாகவும், உள்ளே இருந்த தோழி தப்பவில்லை என்றும் ஒரேயொரு தடவை சொன்னார். இங்கேயும் அவருடைய தெருப்பக்க ஜன்னலில் சிவப்புப் பூச்சட்டி ஒன்று எப்போதும் இருக்கும்.

2004 மாசியில் அவருடைய மகன் மாரெக் டொரொண்டோவிலிருந்து வந்தான். தாயைத் தனியே விடுவதா, முதியோர் இல்லத்தில் சேர்ப்பதா என்று முடிவெடுக்கத்தான் வந்தான். ஹலினாவுக்கு வீட்டை விட்டுப் போக மனமே இல்லை.

ஞாயிறு பூசைக்கு அவர் போயிருந்தபோது நான் ரோல்ஸ் கொண்டு மேலே போனேன். மாரெக் என்னை ஜன்னலடிக்குக் கூப்பிட்டான். எதிர்ப்பக்கம் டெப்பனர் எனும் மூலைக்கடை வாசலில், கொட்டும் பனிக்குள் ஹலினா நின்றார். கண் எங்கள் பக்கமே இருந்தது. அம்மாவுக்குத் தன் வீடே மறந்துபோய்விட்டது, இனி இல்லம்தான் என்றான் மாரெக்.

அப்போதுதான் சமையலறை மேசையில் பூச்சட்டியைக் கண்டேன். குளிரில் செடி பட்டுவிடும் என்று அக்கறையாக எடுத்து வைத்திருக்கிறான். வந்த கோபத்துக்கு ரோல்ஸ் தட்டை அவன் தலையில் கவிழ்த்திருப்பேன். ஊரில் போர்க்காலத்தில் ஆமி சுற்றிவளைத்தால் வேலியில் துவாய் போட்டு ஆட்களைத் திருப்பி அனுப்பியவர்கள் நாங்கள். எனக்கு விளங்காதா? சட்டியைத் தூக்கி ஜன்னலில் வைத்தேன்.

ஹலினா தெருவைக் கடந்து, யார் கையையும் பிடிக்காமல் படியேறி வந்தார். அதற்குள் மாரெக்குக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவனுக்கு எல்லாமே புதுக் கதை.

"சட்டி இல்லையெண்டால் நிக்காமல் போகவேணும் எண்டுதானே சொன்னனீங்கள்? ஏன் இந்தக் குளிருக்கை நிண்டனீங்கள்?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

அவர் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன். "போயிருப்பன். இவனெல்லோ உள்ளுக்கை இருந்தவன்."

மாரெக் குனிந்து தாயின் சப்பாத்தைக் கழற்றினான். எனக்கு அழுகை வந்துவிட்டது. இல்லத்தைப் பற்றிய பேச்சு அதோடு போயிற்று.

இப்போது அவன் போன் எடுத்தால் சுகம் கேட்பதற்கு முதல், சட்டி ஜன்னலில் இருக்கிறதா என்றுதான் கேட்கிறான்.