நான் எழுதியது ஒரே ஒரு கடிதம்

நான் எழுதியது ஒரே ஒரு கடிதம். அன்றைக்கே சொன்னேன். அழுதுகொண்டு சொன்னேன், காலை உதைத்துக்கொண்டு சொன்னேன், சாமி படத்தின் மேல் கை வைத்தும் சொன்னேன். வீட்டில் ஒருவரும் நம்பவில்லை. எழுதிய கடிதத்துக்குத் தண்டனை கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன். எழுதாத கடிதத்துக்கு எப்படிக் கொடுப்பீர்கள்?

புதுச்சேரியில் எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று பெயர். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்களாம். தாத்தா தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே கையெழுத்தாகப் போட்டுவிட்டார். அப்போது அத்தைக்கு ஆறு வயது. ஆறு வயதுப் பெண்ணை, ‘உனக்கு எந்த நாடும்மா வேணும்?’ என்று யார் கேட்கப் போகிறார்கள்?

அந்த அத்தைதான் ஹாக்கி ஆடினாள். சாயங்காலமானால் சைக்கிள் கேரியரில் என்னை ஏற்றிக்கொண்டு உப்பளம் மைதானத்துக்குப் போவாள். அவள் ரைட் அவுட். வலது ஓரக் கோட்டை ஒட்டிப் பந்தோடு அவள் ஓடினால் எதிரணிப் பெண்களுக்குப் புழுதி மட்டும்தான் கிடைக்கும். புதுச்சேரி அணிக்கு நாலு வருஷம் ஆடினாள். அங்கே யாரும் அவளிடம் தாள் கேட்கவில்லை. இந்திய அணித் தேர்வு முகாமுக்கு அழைப்பு வந்தபோது தெருவே வாசலில் நின்று வழியனுப்பியது. எட்டாம் நாள் டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். முகாமில் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறார்கள். இவள் எடுத்து நீட்டியிருக்கிறாள். வாங்கிப் பார்த்த அதிகாரி, “நல்லாத்தாம்மா ஆடுறே. ஆனா நீ வேற நாட்டுப் பொண்ணாச்சே” என்றாராம்.

வேறு நாட்டுப் பெண்! நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் வெண்டைக்காயை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவள் வேறு நாட்டுப் பெண்ணாம்.

கொஞ்ச நாளில் ரேடியோவில் செய்தி வந்தது. இந்தியப் பெண்கள் ஹாக்கி அணி ஒலிம்பிக்ஸுக்குப் போகிறது. பெண்களுக்கு ஒலிம்பிக்ஸில் ஹாக்கி வைப்பதே அதுதான் முதல் தடவை. பேப்பரில் வந்த பெயர்களை நான் நாலு தடவை படித்தேன், எங்காவது தப்பித் தவறி அத்தை பெயர் ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று. அத்தை துணி மடித்துக்கொண்டே, “நல்லா ஆடுவாங்க பாரு” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு மனுஷிக்கு இந்த இடத்தில்கூடக் கோபம் வராதா?

அந்த வாரமே முகாமில் கூட ஆடிய தோழியிடமிருந்து அத்தைக்கு ஒரு கார்டு வந்தது. ‘ரைட் அவுட்டுக்கு முழங்கால் சரியில்லை. பட்டியல் மாறலாம். உன் தாளைச் சரிபண்ணிக்கொண்டு உடனே வா.’ கார்டு என்பதால் நானும் படித்துவிட்டேன். அத்தை அதைச் சமையலறை டப்பாவுக்குப் பின்னால் செருகினாள். நாலைந்து நாளாகியும் அது அங்கேயேதான் இருந்தது. சரி, இவள் செய்யமாட்டாள், நாம்தான் செய்யவேண்டும் என்று முடிவு கட்டினேன்.

வீட்டில் பிரெஞ்சு எழுதப் படிக்கத் தெரிந்த குட்டி மேதை நான்தான். தாத்தா பட்டாளத்தில் பேசிப் பேசியே பிரெஞ்சு கற்றவர். அச்செழுத்தை எழுத்துக்கூட்டுவதற்குள் அவருக்கு மூச்சு வாங்கும். பென்ஷன் காகிதமானாலும் வேறு எதுவானாலும் உறையை அவர்தான் பிரிப்பார், நான் நின்றுகொண்டு உரக்கப் படிப்பேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார். இது எங்கள் வீட்டு முறை. அத்தை ஆறாம் வகுப்புவரை பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள் என்பது யாருக்கும் நினைவில் இருந்ததாகத் தெரியவில்லை. எனக்கும்தான்.

கணக்கு நோட்டிலிருந்து நடுத்தாளைக் கிழித்து, அத்தை எழுதுவதுபோலவே பிரெஞ்சு அரசாங்க அலுவலகத்துக்கு எழுதினேன். ‘மதிப்பிற்குரிய மெஸ்யே, உங்கள் நாட்டை உங்களிடமே திருப்பித் தருகிறேன். பாஸ்போர்ட் கசங்கவில்லை, அட்டை போட்டு வைத்திருக்கிறோம். எனக்கு விளையாட்டு இருப்பதால் சீக்கிரம் வாங்கிக்கொள்ளவும்.’ நூலகப் புத்தகத்தைத் திருப்பித் தருகிற மாதிரிதானே என்று நினைத்தேன். கீழே அத்தை பெயரைப் போட்டேன். பள்ளிக்கூடம் போகும் வழியில் தபால்பெட்டியில் போட்டுவிட்டு, உள்ளே விழுந்துவிட்டதா என்று ஒரு தட்டும் தட்டிவிட்டு வந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்கள் முதலில் பாஸ்போர்ட்டைப் பார்த்தார்கள், பிறகுதான் பெண்ணைப் பார்த்தார்கள். பையனின் அம்மா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, “எங்களுக்கு நகை நட்டு ஒண்ணும் வேணாங்க. இது போதும்” என்றார். கல்யாணமானால் பையன் பாரிசுக்குப் போய்விடலாமாம். தாத்தா மீசையைத் தடவிக்கொண்டார். அத்தை காபித் தட்டோடு நின்றாள். ஓரக்கோட்டில் அப்படி ஓடுகிறவள், அன்றைக்கு ஒரு அடி நகரவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. அத்தை பெயருக்கு வந்த உறையைத் தாத்தாதான் பிரித்தார். “படி” என்றார். என் கடிதத்துக்குப் பதில் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் படித்தேன். ‘மத்மசேல், குடியுரிமையை விட்டுவிட விரும்புவதாக நீங்கள் எழுதிய இரண்டு கடிதங்களும் கிடைத்தன. இதற்கு நீங்களே நேரில் வந்து, இன்னின்ன தாள்களோடு...’

தாத்தா கண்ணைத் திறந்தார். “எத்தினி கடுதாசி?”

“ரெண்டுன்னு போட்டிருக்கு, தாத்தா. ஆனா நான் ஒண்ணுதான் எழுதினேன்!”

வாய் முந்திக்கொண்டது. அதற்குமேல் யாரும் துப்புத் துலக்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

“மாப்ள வீட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவறது? உம் பொண்ணு பண்ற வேலையப் பாத்தியா?” என்று தாத்தா அப்பாவைப் பார்த்துக் கத்தினார். அப்பா என்னைப் பார்த்து, “ஒண்ணு எழுதினா பத்தாதுன்னு ரெண்டாடி?” என்றார்.

“ஒண்ணுதாம்ப்பா! அவங்கதான் தப்பா எண்ணியிருக்காங்க!”

“ஆமா, துரைங்களுக்கு ரெண்டு வரைக்கும் எண்ணத் தெரியல!” என்றார் தாத்தா. பிறகு பட்டாளத்துத் தீர்ப்பு. ஒரு கடிதத்துக்கு ஒரு மணி நேரம், ஆக இரண்டு மணி நேரம் சுவரைப் பார்த்து விறைப்பாக நிற்கவேண்டும். “கார்தவூ!” என்று அவர் பிரெஞ்சில் அட்டென்ஷன் சொல்லி அதட்டியதில் என் குதிகால்கள் தாமாக ஒட்டிக்கொண்டன.

முதல் மணி நேரம் நியாயமாக நின்றேன். செய்ததற்குத்தானே. கடிகாரம் அடித்ததும் திரும்பி, “என்னுது முடிஞ்சிடுச்சு” என்றேன். “இன்னொண்ணு பாக்கி இருக்கு” என்றார் தாத்தா.

அப்போது வந்த ஆத்திரம் இருக்கிறதே! அத்தை சமையலறை நிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். அவளுக்காகத்தானே இவ்வளவும். “நீங்களாவது சொல்லுங்கத்தே! நான் ஒண்ணுதானே எழுதினேன்!” என்று வீறிட்டேன்.

அத்தை கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தாள். என் தோளைப் பிடித்துச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். பிறகு தானும் என் பக்கத்தில் குதிகாலைச் சேர்த்து, கைகளை ஒட்டி, விறைப்பாகச் சுவரைப் பார்த்து நின்றாள்.

“நீ ஏம்மா நிக்கறே? அவ திமிருக்கு அவ நிக்கட்டும்” என்றார் தாத்தா. அத்தை அசையவில்லை. அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வெளியே போய்விட்டார்.

“உன்னுதுதான் முடிஞ்சிடுச்சே, வேணும்னா உக்காந்துக்கடி” என்று மெதுவாகச் சொன்னாள். நான் உட்காரவில்லை, வீம்புக்கு நின்றேன். அவள் அந்த ஒரு மணி நேரமும் முழுசாக நின்றாள், ஒரு நிமிஷம் குறைக்காமல். பாவம், எனக்குத் துணைக்கு நிற்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.