கல்யாணத்துக்குப் போன அம்மி

முகூர்த்த நாளில் யாராவது மியூசியம் பார்க்கப் போவார்களா? நான் போனேன்.

சேவூர் பக்கம் ஒரு பழைய பஞ்சுக் கிடங்கு. அதைத்தான் எங்கள் வட்டார மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். மிக்சியும் கிரைண்டரும் வந்தபிறகு சுற்றுவட்டாரமே அம்மி, உரல், முறம், அண்டா என்று கொண்டுவந்து கொடுத்துவிட்டது. அத்தனை தாராளம்! ஆனால் நான் போன அன்று முக்கால்வாசி இடம் காலி. 'உரல்' என்று ஓர் அட்டை இருந்தது... உரலைக் காணோம்.

"கல்யாணத்துக்குப் போயிருக்குதுங்க. சாயங்காலம் வந்துரும்" என்றார் சரஸ்வதி டீச்சர். ரிட்டையர்டு தலைமை ஆசிரியை. மியூசியம் அவர் பொறுப்பில்தான் இருக்கிறது.

விஷயம் இதுதான். எல்லாவற்றையும் கொடுத்தபிறகுதான் ஊருக்கு ஞாபகம் வந்திருக்கிறது — சீருக்கும் சடங்குக்கும் இதெல்லாம் வேண்டுமே! மணமேடையில் மிக்சியையா மிதிக்க முடியும்? ஆளாளுக்குத் திருப்பிக் கேட்க, டீச்சர் ஒரு சட்டம் போட்டார். மியூசியத்துக்கு ஏதாவது பழம்பொருள் கொடுத்தவர்கள், விசேஷத்துக்கு எதை வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். கழுவிக் கொண்டுவந்து வைத்துவிட வேண்டும். கொடுக்காதவர்களுக்குக் கிடையாது.

அன்றைக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் அம்மி. அதைக் கேட்டு ஒரு தம்பதி வந்தார்கள். மாரியப்பன், பனியன் கம்பெனி டெய்லர். மனைவி செல்வி. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். மறுநாள் கோயிலில் மகளுக்குக் கல்யாணம்.

"கடையில புது அம்மி கிடைக்குமே?" என்றேன், சும்மா இருக்காமல்.

"புது அம்மிய மிதிச்சா வெளங்குமா? குடும்பத்துக்கு அரைச்ச அம்மியா இருக்கணும். எங்கம்மாவும் அப்படித்தான், நானும் அப்படித்தான்" என்றார் செல்வி.

"பழசா ஏதாச்சும் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர்.

"எங்க வீட்ல பழசே மிக்சிதான் டீச்சர்."

"ஒருத்தருக்கு விட்டா ஊரே வந்து நிக்குமுங்க. சட்டம்னா எல்லாருக்குந்தானுங்க."

செல்வியின் கண் நிறைந்துவிட்டது. எனக்கு டீச்சர்மேல் நிஜமாகவே கோபம் வந்தது. கையில் ஒன்றுமில்லாமல் ஊரைவிட்டு வந்தவர்கள் பழம்பொருளுக்கு எங்கே போவார்கள்?

மாரியப்பன் மனைவியிடம் மெல்லக் கேட்டார். "அந்தத் தகரத்த எடுத்துட்டு வரட்டா?"

"சும்மா கெடங்க. மானம் போயிரும்."

போய்விட்டார் மனிதர். கட்டிலுக்கு அடியில் கிடந்ததை மொபெட்டில் கொண்டுவந்தார். துருப்பிடித்த தகர போர்டு. 'டெய்லர் தேவை. உள்ளே வரவும்.'

"ஊர்லருந்து வந்து பஸ்ஸ விட்டு எறங்குன அன்னைக்கு ஒரு கம்பெனி கேட்டுல தொங்குச்சு. வேற எவனும் பாத்துட்டு வந்துரக் கூடாதுல்லா? கழட்டிப் பையில வச்சுக்கிட்டு உள்ள போனேன். வேலை கிடைச்சுட்டு. இன்னைக்கும் அங்கதான் இருக்கேன். பாவம் மொதலாளி... 'போர்டு மாட்டியும் ஒருத்தனும் வரலையே'ன்னு ரொம்ப நாள் பொலம்பிக்கிட்டு இருந்தாரு."

டீச்சர் போர்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஏனுங்க, அப்ப இது திருட்டுப் பொருளுங்களா?"

மாரியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருக்கட்டும். பெரிய பெரிய மியூசியமெல்லாம் அப்படித்தானுங்க சேந்துச்சு" என்றபடி டீச்சர் அட்டையில் மாரியப்பன் பெயரை எழுத ஆரம்பித்தார். அம்மி மொபெட்டில் ஏறியது. செல்வி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போனார்.

போன வாரம் மறுபடி போனேன். அம்மி திரும்பியிருந்தது, கழுவியும் போகாத மஞ்சளோடு. போர்டு வாசலிலேயே தொங்கியது.

என் கண்ணெதிரே ஓர் இளம்பெண் அதைப் படித்துவிட்டு உள்ளே வந்தாள். "டெய்லர் வேலை இருக்காக்கா?"

டீச்சர் அசரவில்லை. மாரியப்பனுக்கு போன் போட்டார். அதே கம்பெனியில் ஆள் தேவையாம், உடனே அனுப்பச் சொன்னாராம். வழி சொன்னதும் பெண் முகமெல்லாம் சிரிப்பாக வாசல்வரை போனாள்.

"கண்ணு..." டீச்சர் கூப்பிட்டார். "போர்டு இங்கயே இருக்கட்டும்."