‘யி’ தீர்ந்துபோன தை மாதம்

பெரிய காஞ்சிபுரத்தில் நான் டிரெடில் மெஷின் மிதித்த அச்சகத்தில் தாவீதுதான் எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர். ஏனாத்தூரிலிருந்து கூட்டிப் பெருக்க வந்தவன். ஈய எழுத்துகளைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கவும் கோக்கவும் கற்றுக்கொண்டான். அந்தக் கம்பாசிட்டர் ஸ்டூலை விட்டால் அவனுக்கு மறுபடி அடுத்தவன் வயல் சேறுதான். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகை வந்து குவியும். எல்லாவற்றிலும் ‘தலைமையில்’, ‘முன்னிலையில்’ என்று ‘யி’ எழுத்தாகவே தின்னும். அறுபத்தெட்டாம் வருஷத் தையில், பட்டுக்கடை ராஜகோபால் மகளின் பத்திரிகையைக் கோக்கும்போது பெட்டியில் இருந்த ‘யி’ எல்லாம் பாதியில் தீர்ந்துவிட்டது. மேலே ‘கோயில்’ என்று கோத்தாயிற்று. கீழே மண்டப விலாசத்தில் இன்னொரு கோயில் பாக்கி. புரூப் பார்க்கும் புலவர் கோதண்டபாணியிடம் போய் நின்றான்.

“ஐயா, ‘யி’ தீந்துபோச்சிங்க. கீழ ‘கோவில்’னு போட்டுக்கட்டுமா?”

புலவர் அகராதியைப் புரட்டினார். “ரெண்டும் இருக்குதுபா. எதுனா போடு.”

பக்கத்தில் நின்ற என் காதிலும் அது விழுந்தது.

அடித்துக் கொடுத்தோம். வழக்கப்படி முதல் பத்திரிகையை மஞ்சள் தடவிக் காமாட்சி காலடியில் வைத்தார்கள். அங்கேதான் அந்தக் கோயில்-கோவில் வித்தியாசம் சம்பந்தி வீட்டான் ஒருவன் கண்ணில் பட்டுத் தொலைத்தது. கேலி செய்து சிரித்தானாம். அம்மன் காலடியில் வைத்ததை மாற்றி அடிப்பது அபசகுனம். ராஜகோபால் அச்சகத்துக்கு வந்து ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அப்பப்பா!

“ஒரே பத்திரிகையில ரெண்டு மாதிரியா? எவன்யா கோத்தவன்?”

முதலாளி புலவரைப் பார்த்தார். புலவர் அகராதியை மூடி வைத்தார்.

“நான் திருத்திதான் குடுத்தேன். இவன் மாத்தல. கோயில் வாசல மிதிச்சவனா இருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அடப்பாவி! மெஷினை நிறுத்திவிட்டு வந்தேன்.

“நீங்கதான சொன்னீங்க, எதுனா போடுன்னு? நான் கேட்டுக்கினுதான இருந்தேன்!”

“முனிரத்தினம், உன் வேலைய பாரு,” என்றார் முதலாளி. “தாவீது, நாளையிலேர்ந்து நீ வராத.”

தாவீது கையிலிருந்த எழுத்துகளை பெட்டியில் அதனதன் அறையில் போட்டான். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அடுத்த வாரம் ஏனாத்தூரில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தான்.

அந்த வைகாசியிலேயே புலவர் மகளுக்குக் கல்யாணம். மஞ்சள் தடவிய பத்திரிகையை எனக்கும் நீட்டினார். மேலே கோயில், கீழே கோவில். புது ஆளுக்கும் ‘யி’ போதவில்லை. நான் விரல் வைத்துக் காட்டினேன்.

“அதனால என்னபா? ரெண்டுமே சரிதான். அகராதியிலயே இருக்குது.”

கொஞ்சமாவது கூச வேண்டாமா அந்த மனுஷனுக்கு? கல்யாணப் பத்திரிகையைத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஊரில் செருப்பால் அடிப்பது மாதிரி. அவர் கையிலேயே திணித்தேன்.

“இதையே ஏனாத்தூர் போயி தாவீதுகிட்ட சொல்லிட்டு வாங்க. அப்பால வாங்கிக்கிறேன்.”

அவர் அந்தப் பக்கமே போகவில்லை.