நான்ஸ்டாப் அத்தான் கட்டிய கயிறு

என் அக்கா புருஷனுக்கு ஆலையில் வைத்த பெயர் நான்ஸ்டாப். அது கிண்டல் என்று ஊருக்கே தெரியும். அதைப் பட்டமாக நினைத்துப் பூரித்துப்போகிற ஒரே ஆள் அவர்தான். "என் ஷிப்ட்ல பெல்ட் நின்னதா சரித்திரமே கிடையாது" என்று கல்யாண வீட்டிலும் சொல்வார், சாவு வீட்டிலும் சொல்வார்.

எந்தப் பொருளும் அத்தானைப் பார்த்துச் சத்தம் போடக் கூடாது. ஸ்கூட்டரில் ஆயில் விளக்கு சிவப்பாக எரிந்தது. ஆயில் ஊற்ற வேண்டியதுதானே? மகராசன் விளக்கின்மேல் பிளாஸ்திரி ஒட்டினார். எஞ்சின் இறுகி வண்டி நடுரோட்டில் நின்றதும், கம்பெனி சரியில்லை என்றார். தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் கத்துகிற மணியின் ஒயரைப் பிடுங்கினார். தண்ணீர் வழிந்து அக்காவின் மெத்தை ஊறிப்போனது. அதற்குக் கொத்தனார் காரணமாம். இப்படிப்பட்ட மேதாவியிடம்தான் கல் ஏற்றிப் போகிற பெல்ட்டை ஒப்படைத்திருந்தார்கள்.

நானும் அதே ஆலையில்தான், கண்ட்ரோல் ரூமில். என் வீட்டுக்காரர் பெல்ட் ஓரமாக நடந்து கவனிக்கிறவர். அத்தானுக்குச் சகலை, அத்தானுக்குக் கீழே வேலை. கேட்க வேண்டுமா!

உயரத்தில் ஓடுகிற அந்த பெல்ட்டின் இரண்டு பக்கமும் சுவிட்ச் உண்டு. சுவிட்சுக்கு ஒரு கைப்பிடி, கைப்பிடியில் சின்ன உருளை. பெல்ட் நேராக ஓடாமல் ஒரு பக்கம் ஒதுங்கினால் அதன் ஓரம் உருளையைத் தள்ளும். கொஞ்சம் தள்ளினால் என் அறையில் மணி அடிக்கும். இன்னும் தள்ளினால் மோட்டாரே நின்றுவிடும். அப்புறம் யாராவது மேலே ஏறிப்போய், பெல்ட் ஏன் ஒதுங்கியது என்று பார்த்து, சுவிட்சைப் பழையபடி திருப்பிவிட வேண்டும்.

எங்கள் பெல்ட் சுவர்ப் பக்கமாக ஒதுங்கிக்கொண்டே இருந்தது. பெல்ட்டைத் திருப்புகிற கடைசிப் பெரிய உருளையில் கல்தூள் அப்பிக் கட்டியாகிவிட்டது. அரை மணி நேரம் நிறுத்திச் சுரண்டினால் தீர்ந்தது. என் வீட்டுக்காரருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "சகலை, அதை நான் பாத்துக்கறேன், நீங்க உங்க வேலையைப் பாருங்க" என்றார் அத்தான். பார்த்தும் கொண்டார். மூட்டுவலி என்று மேலே ஏறாத மனிதர் ஒரே ஒரு தடவை ஏறினார். அதன்பிறகு மணி அடிக்கவே இல்லை.

போன வாரம் சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன் மேலேயிருந்து போன் வந்தது. என் வீட்டுக்காரர்தான். "பெல்ட் சுவத்துப் பக்கம் போய் இரும்பை உரசுது. ரப்பர் கருகற நாத்தம் வருது. நிறுத்து, நிறுத்து!" என் எதிரே பச்சை விளக்கு சமர்த்தாக எரிந்துகொண்டிருந்தது. நான் உடனே நிறுத்தினேன். ஆனால் அத்தனை கல்லோடு ஓடுகிற பெல்ட் சட்டென்று நிற்குமா? கிழிந்து தொங்கிய ரப்பர் ஓரம் சாட்டை மாதிரி சுழன்று அவர் வலது கையை முறுக்கிவிட்டது.

அவரை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றும்போதே, பழுது பார்க்கிற பிட்டரோடு நான் மேலே ஓடினேன். சுவர்ப் பக்கம் நடைபாதை கிடையாது, எட்டிப் பார்த்தால்தான் தெரியும். சுவிட்சின் கைப்பிடியை பெல்ட் தொடாதபடி பின்னால் இழுத்து, நீலப் பிளாஸ்டிக் கயிற்றால் குழாயோடு கட்டியிருந்தது. பிட்டர் கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கும்மா" என்று இறங்கிப் போய்விட்டார். கயிற்றை நானே அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

அத்தான் மேலிடத்தில் என்ன சொன்னார் தெரியுமா? "சுவிட்ச் பழுது. சகலை கவனிக்கல, தூங்கியிருப்பார்." அடப்பாவி! விடிந்தால் விசாரணை. தப்பு என் வீட்டுக்காரர்மேல் என்று முடிந்தால் வேலை போய்விடும். விரல் மடங்காத கையை வைத்துக்கொண்டு அவர் வேறெங்கே போய் நிற்பார்? கயிற்றை நான் நீட்டினால், புருஷனைக் காப்பாற்றப் பெண்டாட்டியே எங்கிருந்தோ கொண்டுவந்தாள் என்பார்கள்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் கால்மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கயிற்றை அவர் முன்னால் வீசினேன். "அத்தான், இது என்னன்னு சொல்லுங்க."

"எனக்கென்னம்மா தெரியும்?" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

ஈரத் துணி வாளியோடு வந்த அக்கா அதைக் குனிந்து எடுத்தாள். "ஏண்டி, இது எங்க துணிக்கொடியாச்சே. உனக்கு எப்படிக் கிடைச்சுது?"

"பெல்ட் சுவிட்சை இதாலதான் கட்டி வச்சிருந்துச்சு, அக்கா."

அக்கா கயிற்றோடு கொல்லைப்புறம் போனாள், நானும் அத்தானும் பின்னால் போனோம். அங்கே நீலக்கொடி பாதியில் முடிந்து, மீதித் தூரத்துக்குப் பழந்துணியை முடிச்சுப் போட்டு நீட்டியிருந்தது. இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்தாள். ஒரே சாய்வான வெட்டு.

"எலி கடிச்சுதுன்னு சொன்னீங்களே?"

அத்தானுக்கு முகம் கறுத்தது. "அந்தச் சனியன் சும்மா சும்மா பெல்ட்டை நிறுத்திட்டே இருந்துச்சு. என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"நிறுத்தறதுக்குத்தானே அதை வச்சிருக்காங்க?" என்றாள் அக்கா.

"வாயை மூடு. என் வேலை போனா உனக்குத்தான் சோறு கிடையாது, தெரிஞ்சுக்கோ."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். எத்தனை வருஷமாக மூடியே பழக்கம்! நீயும் இவ்வளவுதானா என்று வெறுத்துப்போய், அழுதுகொண்டே வீடு திரும்பினேன்.

காலையில் விசாரணைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தால் வாசலில் அக்கா. அவள் கைப்பைக்குள் நான் வீசிவிட்டு வந்த துண்டும் மிச்சக் கொடி முழுவதும் சுருட்டிக் கிடந்தன.

"அவர் சட்டையெல்லாம் தரையில கிடக்கு. கிடக்கட்டும்," என்றாள். "நட, நேரமாச்சு."